ஐந்து சுரமும் ஒரு வருஷமும்

நீ சென்னை போய்ச் சேர்ந்துவிட்டதாக அப்பாவின் போனுக்குத்தான் செய்தி வந்தது; என் போனுக்கு வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நான் கூப்பிட்டால் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பேன். இரண்டாவதாக என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும், அதைக் கேட்காதே என்று நீ சொல்லிவிட்டும் போயிருக்கிறாய். கேட்காமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் போனைத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் முழு உண்மையில்லை. நம் பிரஸ் ஆபீஸ் மேசையில் நாலு வரி எழுதுகிறேன், எழுந்து அச்சு மெஷின் பக்கம் போகிறேன், அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை, திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன். இதை மடித்து ஒளித்து வைக்கப் போவதும் இல்லை. உன் கல்யாணம் ஏன் நின்றது என்று கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டவர்களும், கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டவர்களும் திருத்தங்கலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் படித்தாலும் படிக்கட்டும். பேசுவது உன்னிடம்தான்.

இந்தக் கால் தரிக்காத குணம் எங்கிருந்து வந்தது என்று நீ ஒருமுறை கேட்டாய். வெம்பக்கோட்டைப் பக்கம் என் அப்பாவுக்கு மானாவாரி நிலம். மக்காச்சோளத்தை விதைத்துவிட்டு அவரால் வீட்டில் இருக்க முடியாது. மேகம் கூடினாலும் நடப்பார், கலைந்தாலும் நடப்பார். நடந்து மழை வந்ததில்லை என்று என் அம்மா சொல்வாள். நடக்காமல் இருந்தும் வந்ததில்லையே என்பார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்போது அந்த நடையையும் கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. அதில் நான் போய்வருவதைப் பார்த்து டீக்கடைக்காரர் நேரம் சொல்லிவிடுவார். உனக்கு அது காலில் வரவில்லை, விரலில் வந்தது. தட்டின் விளிம்பில், பஸ் சீட்டுக் கம்பியில், பாடப்புத்தக அட்டையில் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பாய். கோவையில் படிக்கும்போது ஒரு பேண்டில் சேர்ந்தாய். சென்னையில் வேலை கிடைத்ததும் பேஸ் கிட்டார் வாங்கினாய். சாதாக் கிட்டாருக்கு ஆறு தந்தி இருக்கும்போது இதற்கு நாலுதானா, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று உன் அப்பா வெகுநாள் கவலைப்பட்டார். நாலு தந்தியும் தடிப்பாக இருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சமாதானமானார்.

வைகாசியில் உனக்கு நிச்சயம் செய்தோம். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பம், நம் வீட்டுக்குத் தோதான இடம், பையனும் தன்மையானவன். உங்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது என்பதை நீங்கள் பேசிக்கொண்ட நேரத்தை வைத்தே நாங்கள் தெரிந்துகொண்டோம். பத்திரிகையை நம் பிரஸ்ஸிலேயே அச்சடித்தோம். பட்டாசு லேபிள் தவிர வேறெதுவும் ஓட்டாத மெஷினில் அப்பா பக்கத்தில் நின்று ஓட்டினார். ஆவணி முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, நீ மேடையில் வாசிக்கும் வீடியோ ஒன்றை யாரோ பையனின் அப்பாவிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் சத்தம் போடவில்லை, கெட்டதாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு வாசிப்பு வேண்டாம், கருவியும் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நீ பையனிடம் கேட்டாய். ஒரு வருஷந்தானே என்றான் அவன். அந்த ‘தானே’வில்தான் நீ வேண்டாம் என்று எழுந்துவிட்டாய்; முகூர்த்தம் நின்றது. எனக்கு அது அப்போது மிகச் சின்னக் காரணமாகத் தெரிந்தது. குடிக்கிறவனா, அடிக்கிறவனா, ஒரு வருஷம் சும்மா இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று உன்னிடமே கேட்டேன்.  நீ சென்னைக்குத் திரும்பிப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட லீவை நீட்டிக்கொண்டு, கிட்டாரோடும், அதன் சத்தத்தைப் பெருக்கும் அந்தக் கறுப்பு ஆம்ப் பெட்டியோடும் வீட்டு மாடியறையில் இருந்துவிட்டாய். தெருவுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெட்டி எப்படிப் பேர் வாங்கியது என்பதை நான் எழுதாமல் இருக்க முடியாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு ஓய்ந்திருந்த நேரம். நீ ஆம்பைப் போட்டு, இருப்பதில் தடித்த தந்தியை முதல்முதலாக மீட்டினாய். அடுப்படியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் நடுங்கின. என் பாதத்துக்குக் கீழே தரை ஒருமுறை புரண்டது போல் இருந்தது. நீ பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் சென்னையில் கொஞ்ச காலம் இருந்ததில், இங்கே அப்படி ஒரு சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்பது உனக்கு மறந்துவிட்டது. எல்லாரும் வெளியே வந்து மேற்கே பார்த்தார்கள், புகை தெரிகிறதா என்று. எதிர்வீட்டு முத்துமாரியின் புருஷன் ஊருக்கு மேற்கே உள்ள பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. அவள் செருப்பில்லாமல், மாவுக் கையோடு கம்பெனி ரோட்டைப் பார்த்து ஓடினாள். நீ இரண்டாவது முறை மீட்டியபோதுதான் சத்தம் நம் மாடியிலிருந்து வருகிறது என்று எனக்கு உறைத்தது. நான் படியேறி வந்து ஒயரைப் பிடுங்கியது உனக்கு நினைவிருக்கும். ஏன் என்று நீ கேட்பதற்குள் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துவிட்டாய்.

அவளைத் திருப்பி அழைத்துவர அப்பா ஸ்கூட்டரில் போனார். வந்தவள் நம் வாசல்படியில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். காலில் எங்கேயோ கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நீ பஞ்சும் மருந்துமாக அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாய். திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் உன் தலையில் கை வைத்து, “வாசிக்கக் கூடாதுன்னு சொல்லல தாயி. வாசிக்கதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிட்டு வாசி. அம்புட்டுதான்” என்றாள். அதற்குப் பிறகு இந்த ஊரில் நீ அந்தப் பெட்டியைப் போடவே இல்லை. அவள் கேட்டது ஒரு வார்த்தை. நீ கொடுத்தது அதைவிட அதிகம். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. யாராவது உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டால், கேட்டதை மட்டும் கொடுக்கப் பழகு. அள்ளிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது உன் வழக்கம். அது என் வழக்கமும்தான்.

ஆம்ப் இல்லாமல் பேஸ் கிட்டாருக்குச் சத்தமே கிடையாது. தந்தி அசைவதுதான் தெரியும். சாப்பிடக் கூப்பிட மாடிக்கு வரும்போதெல்லாம் நீ அதன் மேல் பக்கத்து மரக்கொம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே ஒரு வரிசையை ஏறி இறங்கிக்கொண்டிருப்பாய். யாரோடும் பேச்சில்லை.  கதவுக்கு வெளியே நின்று ஒன்றும் கேட்காமல், உள்ளே வந்தும் ஒன்றும் கேட்காமல், மாடிப்படியில் நான் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், அதில் என்னதான் கேட்கிறது உனக்கு என்று கேட்டுவிட்டேன்.  நீ என் தலையைப் பிடித்து என் தாடையை அந்த மரத்தில் வைத்து, தந்தியை மீட்டினாய். காதில் அல்ல, எலும்புக்குள் கேட்டது. பல்லுக்கெல்லாம் அடியில் ஒரு லாரி கிளம்பி நிற்பது போல் இருந்தது. நான் பயந்துபோய்த் தலையை எடுக்கப் பார்த்தேன். நீ ஆவணிக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்கத்தான், எனக்கும் சொல்லிக்கொடேன் என்று கேட்டேன். சங்கீத ஆசையெல்லாம் இல்லை. நீ என்னோடு பேச வேண்டும், அதற்கு வேறு வழி தெரியவில்லை.

முதலில் நீ சொல்லிக்கொடுத்தது எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் மைனர் பென்டாடானிக். நான் சின்ன வயதில் நவராத்திரிப் பாட்டுக்காகக் கொஞ்சம் சுரம் படித்தவள் என்பதால் உடனே பிடிபட்டது: ச க ம ப நி, ஐந்தே சுரம். தடித்த தந்தியில், கழுத்தில் கம்பி போட்டுப் பிரித்திருக்கும் ஐந்தாம் கட்டத்தில் ஆரம்பி, அதுதான் சட்ஜம், அதுதான் வீடு என்றாய். அடுத்த தந்தியில் மூன்று, ஐந்து. அதற்கடுத்ததில் இரண்டு, ஐந்து. கடைசித் தந்தியில் இரண்டாம் கட்டத்தில் மேல் சட்ஜம். சினிமாப் பாட்டு, கும்மிப்பாட்டு, திருவிழா மைக்செட்டில் கேட்ட பாதிப் பாட்டு அதற்குள்தான் இருந்தது. கைக்கு வந்ததும் நான் பெரிய வித்துவான் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் நீ உன்னுடைய வரிசையைக் காட்டினாய். எல்லாம் அதேதான், ஒரே ஒரு இடம் மட்டும் மாற்றம். மூன்றாம் தந்தியில் சுண்டு விரல் போய் உட்காரும் ஐந்தாம் கட்டத்தை விட்டுவிட்டு, மோதிர விரலை நான்காம் கட்டத்தில் நிறுத்து என்றாய். நிஷாதத்தை எடுத்துவிட்டு அதற்கு ஒரு கட்டம் கீழே இருக்கும் தைவதம்: ச க ம ப த. ஒரு கட்டந்தானே என்று நானும் அலட்சியமாகச் சொன்னேன்.

அந்த ஒரு கட்டம் என்னை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. வாய் சொல்கிறது, கண் பார்க்கிறது, ஆனால் விரல் தன் பாட்டுக்குப் பழைய இடத்தில் போய் உட்காருகிறது. பழகாத கைதான் என்னுடையது. அதற்கும் ஐம்பது வருஷமாகக் காது கேட்ட பாட்டெல்லாம் பழைய இடத்துக்கே வழி சொல்லிவிடுகிறது. சரியாக விழுந்துவிட்டாலும் நிம்மதியில்லை. மற்றதில் துக்கம் என்றால் துக்கம், இறங்கி வந்து ஆறிக்கொள்ளலாம். இதில் த-வில் ஏறி நின்றால் அழவும் விடாது, ஆறவும் விடாது. ஏதோ நல்ல சேதி வரப்போவதுபோல் காட்டிவிட்டுப் பாதியில் நிறுத்திவிடும். இதை ஏன் பிடித்துக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டேன். பேண்டில் ஒரு பாட்டு இந்த வரிசையில் போட்டிருக்கிறார்கள், அதற்கு அடித்தளம் உன் கிட்டார்தான், கல்யாணத்துக்காகப் பாதியில் விட்டு வந்தாய், மார்கழியில் ரெக்கார்டிங் என்றாய். இன்னும் உனக்கே அது வழுக்குகிறது என்றும் சொன்னாய். பாடம் நடந்தபோதுதான் மற்ற பேச்சும் வந்தது. விரலைப் பார்த்துக்கொண்டே பேசுவது முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடச் சுலபமாக இருந்தது நம் இரண்டு பேருக்கும். அந்தப் பையனை உனக்கு இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது என்பதையும் நீ அப்படித்தான் சொன்னாய், தந்தியைத் துடைத்துக்கொண்டே.

புரட்டாசியில் சீசன் முற்றியது. கடைசி நேர ஆர்டர் எல்லாம் வந்து குவிந்து, தாயில்பட்டிக் கம்பெனிகளுக்குப் போக வேண்டிய லேபிள் லோடு ஏற்றி முடிக்கும்வரை மூன்று வாரம் நான் மாடிப்படி ஏறவில்லை. தீபாவளி முடிந்து ஊர் மூச்சுவிட்ட பிறகு, குளித்துவிட்டு ஆசையாக வந்து கிட்டாரை வாங்கி மடியில் வைத்தேன். தந்தியை அழுத்தினதும் விரல் நுனி சுரீர் என்றது. முன்பு அங்கே அரிசி அளவுக்குக் காய்த்திருந்த தோல் உரிந்து போய், புதுத் தோல் பச்சைப்பிள்ளைக் கன்னம் மாதிரி இருந்தது. நோவைப் பொறுத்துக்கொண்டு வாசித்தால், விரல் திரும்பவும் நிஷாதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முறை இல்லை, எடுத்த முறையெல்லாம். வாரக்கணக்காக நான் அதை வலுக்கட்டாயமாகக் கூட்டிவந்த இடம் அதற்கு நினைவே இல்லை. நீ தேங்காய் எண்ணெய் எடுத்துவரப் போனாய். நான் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் உன்னிடம் கேட்டேனே, ஒரு வருஷம் சும்மா இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று, அதற்கு எனக்கு அன்றுதான் பதில் தெரிந்தது. அவர்கள் கேட்டது ஒரு வருஷம் அல்ல. அந்த வருஷம் முடிந்து வாசி என்று சொல்லும்போது வாசிக்க அங்கே ஆள் இருக்காது, அதுதான் அவர்கள் அறியாமல் கேட்டது. எண்ணெயோடு நீ வந்ததும் இதைச் சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது. ரொம்ப எரிகிறது என்று மட்டும் சொன்னேன்.

கார்த்திகையில் அவர்கள் திரும்ப வந்தார்கள், பையனின் அம்மாவும் அப்பாவும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். கூடத்துக்கு வரமாட்டேன், கூப்பிட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ பக்கத்து அறையில் இருந்தாய். காபி கொடுத்தேன். பேசியது பூராவும் அந்த அம்மாதான். “பையன் வேற இடம் பாக்க விடமாட்டேங்கான் மதினி. தையில வச்சுக்கிடுவோம். நாங்க கேக்கது ஒரு வருஷந்தான். நீங்க ஒரு பொம்பள, நீங்களே சொல்லுங்க, அது ஒரு பெரிய காரியமா?” என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் சரி என்று சொல்வேன் என்றுதான் அவரும் நினைத்தார். ஆவணியில் என் கட்சி எது என்று அவருக்குத் தெரியும். நானும் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல்தான் வாயைத் திறந்தேன்.

“பெரிய காரியந்தான் மதினி. நான் சீசன்ல மூணு வாரம் விட்டேன். திரும்பி எடுத்தா என் கையே எனக்கு அந்நியமாப் போச்சு. எனக்கே இப்படின்னா, ஒரு வருஷம் கழிச்சு அவ எதத் திரும்பி எடுப்பா?”

அவருக்குப் புரியவில்லை. “நீங்க எத விட்டீக?” என்று கேட்டார். அவள் வாசிப்பதைத்தான், நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றேன். பையனின் அப்பா சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த அம்மா மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது கையை எடுத்து விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். திரும்பவும் காய்க்கத் தொடங்கியிருந்தது. வெகுநேரம் கையை விடவில்லை. “எனக்குப் புரியுது மதினி. இவுகளுக்குப் புரியாது” என்று, தன் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அவர் எதை விட்டவரோ, எப்போது விட்டவரோ, எனக்குத் தெரியாது. அந்த நேரம் கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்க உறவு இல்லை. காபியை முழுக்கக் குடித்துவிட்டு, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நான் உன் அறைக்குள் வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நீ கட்டிக்கொள்வாய் என்று நினைத்துத்தான் வந்தேன். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய், முகம் கறுத்திருந்தது. “எனக்குப் பதிலா நீ ஏம்மா பேசின?” என்றாய். உனக்காகத்தானே பேசினேன் என்றேன். “அவங்க ஒரு வருஷம் என்னைச் சும்மா இருக்கச் சொன்னாங்க. நீ அரை மணி நேரம் சும்மா இருக்க வச்சிட்ட. பேசணும்னு நானும் உள்ள உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா கோத்து வச்சிருந்தேன்.”

நான் வெளியே வந்து பிரஸ்ஸுக்குப் போனேன், அங்கிருந்து வீட்டுக்கு வந்தேன், திரும்பப் போனேன். முதலில் கோபம். யாருக்காக அத்தனை பேர் முன்னால் ஐம்பது வயதில் கிட்டார் படிக்கிறேன் என்று சொன்னேன், இவளுக்காகத்தானே என்று. பிறகு நடக்க நடக்கக் கோபம் எங்கோ விழுந்துவிட்டது. சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்; அதைச் சொல்ல வேண்டிய வாய் யாருடையது என்று பார்க்கவில்லை. தாயி, நாளைக்கு உனக்கும் பிள்ளை வந்தால், அது பேசத் தயங்குகிற இடத்தில் நீ கொஞ்சம் பொறு. தயங்குகிறது என்று நீ நினைக்கும்போது அது கோத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இல்லை என்பது தெரிந்திருக்கிறது, அது கொஞ்சம் உதவும். இன்னொன்றும் சொல்கிறேன், இதை எந்த வீட்டுக்குப் போனாலும் வைத்துக்கொள். உன்னிடம் யாராவது கொஞ்ச நாள் பொறு, ஒன்றை விட்டுக்கொடு என்றால், அந்தக் கொஞ்ச நாளில் நீங்கள் எதை விடப்போகிறீர்கள் என்று தணிந்த குரலில் கேள். நல்லவர்களாக இருந்தால் யோசிப்பார்கள். அந்தப் பையன் நல்லவன்தான். ஆனாலும் அவன் யோசிக்காமல் ‘தானே’ என்றுவிட்டான்.

இரண்டு நாள் நாம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நீ மாடியில் இருந்து அவனைப் போனில் கூப்பிட்டாய். நான் கீழே கூடத்தைப் பெருக்கினேன், பெருக்கின இடத்தையே திரும்பவும் பெருக்கினேன். இறங்கி வந்து, “பேசிட்டேன்” என்றாய். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அப்பா நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு விருதுநகர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மா அவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். எனக்கு ஒரு பாத்திரத்தில் அதிரசமும் கொடுத்துவிட்டிருந்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு முத்துமாரிக்கும் கொடுத்து நாமும் தின்றோம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நீ கிட்டாரை என் மடியில் வைத்து, ‘த’ எங்கே, வை பார்ப்போம் என்றாய். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. சரியாக வைத்தேன், அந்த ஒரு முறை.

விருதுநகர் ஸ்டேஷனில் உன் பகல் ரயில் வருவதற்குள் நான் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வந்தேன். தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, சீட்டு ஜன்னல் பக்கமா, கிட்டாரை எங்கே வைப்பாய் என்று மாறி மாறிக் கேட்டேன். நீ என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாய். “அவன்கிட்ட என்ன பேசினேன்னு கேக்கணும்னு இருக்குல்ல?” என்றாய். ஆமாம் என்றேன், மறைக்க என்ன இருக்கிறது. “கேக்காதம்மா. நானாச் சொல்லுவேன்” என்றாய். சரி என்றேன். அன்றிலிருந்து அந்தச் சரியை நான் எப்படிக் காப்பாற்றி வருகிறேன் என்பதை உன் அப்பாவிடம் கேள்.

அவர்தான் நேற்று ஒரு காரியம் செய்தார். மதுரைக்குப் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று போனவர், நீளமாக ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து மேசைமேல் வைத்தார். “அவ போனதிலருந்து நீ நடக்க நடைக்கு தெருவே பள்ளமாயிரும்” என்றார். உள்ளே ஒரு பேஸ் கிட்டார், பழசுதான், சிவப்பு நிறம். பெண்களுக்குக் கையடக்கமாக இருக்கும் என்று கடையில் சொன்னார்களாம். உன்னுடையதைவிடக் குட்டையாக இருக்கிறது. நாலு தந்தி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாராம்.  அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சரி வாசி என்றார்.

வாசிக்க முடியவில்லை, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டு வருகிறேன் போலிருக்கிறது. குட்டைக் கழுத்து என்பதால் கட்டங்கள் எல்லாம் நெருங்கி நெருங்கி இருக்கின்றன. உன் கிட்டாரில் கை படித்த தூரம் இதில் பொய்யாகிவிட்டது. நான்காம் கட்டம் என்று நம்பி மோதிர விரலை வைத்தால், அது கட்டத்தைத் தாண்டிப் பிரிப்புக் கம்பியின் மேலேயே விழுந்து சத்தம் செத்துப்போகிறது. கொஞ்சம் இழுத்து வைத்தால் மத்தியில் நிற்காமல் நடுங்குகிறது. இன்று விடிந்ததிலிருந்து இதுதான் வேலை. மெஷின்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த இடத்துக்குப் போகும்போது நீ விரலைப் பார்க்கிறாயா, பார்க்காமலே வைக்கிறாயா? பார்த்தால் எனக்குத் தாளம் போய்விடுகிறது. பார்க்காவிட்டால் இடம் போய்விடுகிறது. ரெக்கார்டிங் முடிந்த கையோடு இதற்கு ஒரு வழி சொல்லு.

அம்மா